தரவு கைமாறும் இடத்தில் கவனிக்க வேண்டியவை

வலைச்சேவை எழுதுபவர்கள் பெரும்பாலும் உள்ளே நடக்கும் கணக்கைத்தான் கவனமாகச் சோதிக்கிறார்கள். தரவு கெட்டுப்போவதோ அநேகமாக ஒரு நிரலிலிருந்து இன்னொரு நிரலுக்குக் கைமாறும் இடத்தில். அங்கே பார்க்க வேண்டியவற்றில், நான் அடிக்கடி இடறிய சிலவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் எண்கள். நிரல்கள் தரவைப் பரிமாறிக்கொள்ளப் பயன்படுத்தும் ஜேசன் (JSON) என்ற உரை வடிவம் எண்ணுக்கு அளவு வரம்பு எதையும் விதிப்பதில்லை. ஆனால் அதைப் படிக்கும் மொழிக்கு வரம்பு உண்டு. ஜாவாஸ்கிரிப்ட் சாதாரண எண்களை 64 பிட் மிதவைப் புள்ளி எண்ணாக (floating point, எல்லா எண்களையும் துல்லியமாகக் காட்ட முடியாத வடிவம்) வைத்துக்கொள்வதால், 9007199254740991 வரையிலான முழு எண்களைத்தான் அதனால் பிசகாமல் கையாள முடியும். 9007199254740993 என்று நீங்கள் அனுப்பினால், உலாவியில் அது 9007199254740992 என்று வந்து நிற்கும். பிழைச்செய்தி எதுவும் வராது. பைத்தானில் எழுதிய சேவையகம் அதே எண்ணைச் சரியாகவே காட்டும் என்பதால், தவறு எந்தப் பக்கம் என்று தேடுவதிலேயே பொழுது போய்விடும். எனக்கு ஒரு முழு நாள் அப்படிப் போயிருக்கிறது. பெரிய அடையாள எண்களை மேற்கோள் குறிக்குள் உரையாக அனுப்பிவிடுங்கள். அவற்றை யாரும் கூட்டவோ கழிக்கவோ போவதில்லை. பணத்தொகைக்கு மிதவைப் புள்ளி எண் வேண்டவே வேண்டாம்: 0.1 உடன் 0.2 ஐக் கூட்டினால் 0.30000000000000004 என்று விடை சொல்லும் வகை அது. மிகச்சிறிய நாணய அலகில் முழு எண்ணாகவோ, தரவுத்தளத்தின் தசம வகையிலோ சேமியுங்கள்.

அடுத்தது உரை. தமிழில் எழுதும் நமக்கு இதில் கூடுதல் கவனம் தேவை. ‘கொடி’ என்ற சொல்லை, எழுத்துகளுக்குக் குறியீட்டு எண் தரும் யூனிகோடு தரத்தில் இரண்டு விதமாக எழுத முடியும். கொ என்ற எழுத்தில் ககரத்துடன் ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்க்கலாம். எகரக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாகவும் சேர்க்கலாம். முதல் வழியில் அந்தச் சொல் நான்கு குறியீடுகள், யூடிஎஃப்-8 (UTF-8) என்ற சேமிப்பு முறையில் 12 பைட்டுகள். இரண்டாவது வழியில் ஐந்து குறியீடுகள், 15 பைட்டுகள். திரையில் இரண்டுக்கும் இம்மியளவு வேறுபாடும் தெரியாது. ஆனால் நிரலில் சமக்குறி போட்டு ஒப்பிட்டால் இரண்டும் வெவ்வேறு என்றே விடை வரும். ஒரு விசைப்பலகையில் பதிவு செய்த பெயர் இன்னொரு விசைப்பலகையில் தேடும்போது அகப்படாமல் போவதற்கு இது ஒரு காரணம். உரை உள்ளே வரும் இடத்திலேயே அதை என்எஃப்சி (NFC, பிரித்து எழுதிய குறிகளை ஒரே குறியீடாகச் சேர்க்கும்) வடிவத்துக்கு இயல்பாக்கிவிட்டு, பிறகு சேமியுங்கள். தேடல் சொல்லையும் அதே வடிவத்துக்கு மாற்றுங்கள். நீள வரம்பு வைக்கும்போது எதை எண்ணுகிறீர்கள் என்பதையும் முடிவு செய்யுங்கள்: ‘தமிழ்’ என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, யூனிகோடில் ஐந்து குறியீடு, யூடிஎஃப்-8 இல் 15 பைட்டு. பைட்டை எண்ணி வெட்டினால் எழுத்து பாதியில் உடையலாம்.

நேரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நடந்து முடிந்தவற்றை யூடிசி (UTC) என்ற உலகப் பொது நேரத்தில் சேமியுங்கள். வருங்காலச் சந்திப்புகளுக்கு மட்டும் உள்ளூர் நேரத்தையும் நேர மண்டலத்தின் பெயரையும் சேர்த்து வையுங்கள். ஏனெனில் நேர மண்டல விதிகளை அரசுகள் இடையில் மாற்றிவிடலாம்.

மிகுதியான தொல்லை வருவது மறுமுயற்சியில்தான். வாடிக்கையாளர் நிரல், அதாவது சேவையகத்திடம் கோரிக்கை வைக்கும் நிரல், ஓர் ஆர்டரைப் போஸ்ட் (POST) என்ற கோரிக்கை முறையில் அனுப்புகிறது. சேவையகம் அதைப் பதிவு செய்துவிடுகிறது. பதில் திரும்பும் வழியில் இணைப்பு அறுந்துவிடுகிறது. அனுப்பிய நிரலுக்கு நடந்தது தெரியாததால் மீண்டும் அனுப்புகிறது, ஆர்டர் இரண்டாகிவிடுகிறது. புட் (PUT, மாற்றி எழுதுவது), டெலீட் (DELETE, அழிப்பது) ஆகிய முறைகளை, வலைக் கோரிக்கைகளுக்கான எச்டிடிபி (HTTP) விதிப்படி எழுதியிருந்தால், எத்தனை முறை அனுப்பினாலும் விளைவு ஒன்றே. போஸ்ட் முறைக்கு அந்த உத்தரவாதம் இல்லை. ஆகவே, ஒவ்வொரு செயலுக்கும் வாடிக்கையாளர் நிரலே ஒரு தனித்துவமான சாவியை உருவாக்கி, கோரிக்கையின் தலைப்பில் (header) அனுப்ப வேண்டும். சாவியை முதல் முயற்சிக்கு முன்பே உருவாக்க வேண்டும் என்பது முக்கியம். ஒவ்வொரு முயற்சிக்கும் புதுச் சாவி உண்டாக்கும் நிரல்களை நான் பார்த்திருக்கிறேன், அவற்றில் சாவி இருந்தும் பயனில்லை.

சேவையகப் பக்கத்தில், ‘இந்தச் சாவி ஏற்கெனவே இருக்கிறதா’ என்று முதலில் தேடி, இல்லையென்றால் எழுதுவது போதாது; ஒரே நொடியில் இரண்டு கோரிக்கைகள் வந்தால் இரண்டுமே ‘இல்லை’ என்ற விடையைப் பெற்று உள்ளே நுழைந்துவிடும். சாவிக்கான நெடுவரிசையில், ஒரே மதிப்பை இரண்டாம் முறை ஏற்காத தனித்தன்மைக் கட்டுப்பாட்டை விதித்து, ஆர்டர், சாவி, அனுப்பப்போகும் பதில் ஆகிய மூன்றையும் ஒரே பரிவர்த்தனைக்குள் (எல்லாம் பதியும், இல்லையேல் எதுவும் பதியாது) எழுதுங்கள். அதே சாவி மறுபடி வந்தால் சேமித்த பதிலையே திருப்பிக் கொடுங்கள். சாவி ஒன்றாகவும் உள்ளடக்கம் வேறாகவும் இருந்தால் பிழை என்று மறுத்துவிடுங்கள்.

மீண்டும் முயலலாமா என்பதை வாடிக்கையாளர் நிரல் சேவையகத்தின் பதிலில் வரும் நிலைக்குறியீட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது. 400 (கோரிக்கையே தவறு) என்றால் அதே கோரிக்கையை மறுபடி அனுப்புவது வீண். 429 (அளவுக்கு மீறிய கோரிக்கைகள்), 503 (சேவை தற்போது இல்லை) என்றால் சற்றுப் பொறுத்து அனுப்பலாம். பிழையை 200 (வெற்றி) என்ற உறைக்குள் வைத்து அனுப்புபவர்கள் இந்த வழியையே அடைத்துவிடுகிறார்கள். காத்திருக்கும் நேரத்தை ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாக்கி, அதில் சிறிது சீரற்ற அளவையும் கலந்துவிடுங்கள். இல்லாவிட்டால், விழுந்த சேவையகம் எழுந்திருக்கும் நேரம் பார்த்து எல்லா நிரல்களும் ஒன்றாக வந்து கதவை இடிக்கும். பதிலுக்குக் காத்திருக்கும் காலவரம்பையும் நீங்களே குறிப்பிடுங்கள்: வலைக் கோரிக்கைகளை அனுப்பும் பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் (Requests) நூலகம், நீங்கள் சொல்லாதவரை காலவரம்பு எதையும் வைத்துக்கொள்வதில்லை.

பழைய சாவிகளை எப்போது அழிக்கலாம் என்ற கேள்வி மீதியிருக்கிறது. வாடிக்கையாளர் நிரல் அதிகபட்சமாக எவ்வளவு காலம் மீண்டும் முயலுமோ, அதைவிட நீண்ட காலம் அவை இருக்க வேண்டும். இணைப்பில்லாத நேரத்தில் கோரிக்கைகளைச் சேர்த்துவைத்து, மூன்று நாள் கழித்து அனுப்பும் கைப்பேசிச் செயலி ஒன்று இருந்தால், 24 மணி நேரத்தில் சாவிகளைத் துடைக்கும் சேவையகத்தில் அந்த இரட்டை ஆர்டர் மறுபடியும் வந்து சேரும்.