ஐந்தாம் தரத்தில் சித்தியடைந்த பிள்ளை எட்டாம் தரத்தில் பின்தங்கும்போது

"புலமைப்பரிசில் சித்தியடைந்தவன், இப்போது புத்தகத்தைத் தொடுவதே இல்லை." களுவாஞ்சிகுடிப் பக்கத்துப் பெற்றோர் என்னிடம் அடிக்கடி சொல்லும் குறை இது. கையோடு தீர்ப்பும் வந்துவிடும்: சோம்பல். முதல் தவறு அந்தச் சொல்தான்.

நானும் அதைச் செய்திருக்கிறேன். என் வகுப்பு மாணவன் ஒருவனின் கணிதக் கொப்பியில் நாள்தோறும் திகதியும் தலைப்பும் இருக்கும், சிவப்புப் பேனையால் கோடும் கீறியிருப்பான். அதற்குக் கீழே வெறும் தாள். திங்கட்கிழமைகளில் வயிற்றுவலி என்று வீட்டில் நின்றுவிடுவான். எல்லோர் முன்னிலையிலும் ஏசினேன். கோடு கீறுகிற பிள்ளைக்குப் படிக்க ஆசை இருக்கிறது என்பது எனக்கு அன்று உறைக்கவில்லை. தாய் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய் நான்கு மாதம் என்பதும் பிறகுதான் தெரிந்தது.

இந்த வயதில் மனச்சோர்வு அழுகையாகத்தான் வரும் என்றில்லை. எரிச்சல், தலையிடி, வயிற்றுவலி, தூக்கமின்மை என்றும் வரும். மனம் களைத்தால் கவனம் சிதறும், புள்ளி இறங்கும், ஏச்சு விழும், அந்த ஏச்சே மனத்தை மேலும் களைக்க வைக்கும்.

புள்ளி இறங்கியதும் இன்னொரு ரியூஷன் வகுப்பில் சேர்ப்பது அடுத்த தவறு. 13 வயதைத் தாண்டிய பிள்ளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். நாம் முதலில் வெட்டுவது அதைத்தான். பெரியம்மாவின் மகனோடு ஒப்பிடுவதைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

பாராட்டிலும் பிழை விடுகிறோம். 1998இல் வெளிவந்த, முல்லர், டுவெக் என்ற உளவியல் ஆய்வாளர்களின் ஆய்வில், கெட்டிக்காரர் என்று புகழப்பட்ட ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள், கடினமான கேள்விகளில் சறுக்கியதும் சோர்ந்துபோனார்கள். உழைப்புக்காகப் பாராட்டப்பட்டவர்கள் விடாமல் முயன்றார்கள். புலமைப்பரிசிலோடு "கெட்டிக்காரன்" என்று பெயரெடுத்த பிள்ளை, எட்டாம் தரத்து அட்சரகணிதத்தில் திணறும்போது ஏன் கொப்பியை மூடிவிடுகிறான் என்பது எனக்கு அதில்தான் விளங்கியது.

கோயிலில் நூல் கட்டுவதை நான் தடுக்கமாட்டேன். ஆனால், "விசர் என்று ஊர் சொல்லும்" எனப் பயந்து வைத்தியரிடம் போகாமல் இருந்துவிடாதீர்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது. தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம் 1926. சாக வேண்டும்போல் இருக்கிறது என்று பிள்ளை சொன்னால், நடிப்பு என்று தள்ளாமல் அன்றைக்கே உதவி தேடுங்கள்.

அந்த மாணவனிடம் பத்துக் கணக்குக் கேட்பதை விட்டேன். "உனக்குப் பிடித்த ஒன்றைச் செய்து வா" என்றேன். மூன்றாம் நாள், சிவப்புக் கோட்டுக்குக் கீழே பாதிக் கணக்கு இருந்தது.