குடித்த கேஸில் பையன் மாட்டினால்: ஃபைன் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

"ஆயிரமோ ரெண்டாயிரமோ கட்டிட்டு வந்துருவோம், இன்னையோட போகட்டும்." மதுரை கே.கே. நகர் கோர்ட் வளாகத்தில் பெட்டி கேஸ் (சிறு வழக்கு) நாளன்று பெற்றோர் வாயில் அதிகம் வரும் பேச்சு இதுதான். ஆனால் ஃபைன் ரசீதுக்கு முன்னால் பையன் "ஒப்புக்கொள்கிறேன்" என்று சொன்னது பதிவாகிறது. சட்டப்படி அது தண்டனை. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஒப்புக்கொண்டுவிட்டால், தண்டனையின் அளவு, சட்டத்தன்மை தவிர வேறெதற்கும் அப்பீல் கிடையாது. இரண்டு வருடம் கழித்து போலீஸ் வேலைக்குச் சரிபார்ப்பு வரும்போதுதான் அந்த ஒரு சொல்லின் விலை தெரியும்.

முதலில் வயது. சம்பவ நாளில் 18 முடியவில்லை என்றால் கேஸ் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கே போகக் கூடாது, சிறார் வழக்குகளைப் பார்க்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்குத்தான் போக வேண்டும். பயத்திலோ வீம்பிலோ ஸ்டேஷனில் "பத்தொம்பது" என்று சொல்லிவிடும் பையன்கள் உண்டு, அங்கிருந்துதான் கோளாறு தொடங்கும். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 94-ஆவது பிரிவு ஏற்பது பள்ளிப் பிறப்புச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழை. அது இல்லாவிட்டால் மாநகராட்சி, நகராட்சி, பஞ்சாயத்து கொடுத்த பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. ஆதார் அந்த வரிசையில் இல்லை. வயதை வழக்கின் எந்தக் கட்டத்திலும் எழுப்பலாம், ஆனாலும் முதல் நாளே ஜெராக்ஸும் ஒரிஜினலும் கையில் இருக்கட்டும்.

18-க்குக் கீழ் உள்ளவரை லாக்கப்பில் வைக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். முதல் முறை நிறுத்திய தேதியைக் குறித்து வையுங்கள். சிறு குற்றங்களில் விசாரணை நான்கு மாதத்தில் முடிய வேண்டும். கூடுதலாக இரண்டு மாதம் நீட்டிக்கலாம். அதற்கும் முடியாவிட்டால் வழக்கு தானாக முடிவுக்கு வரும். இன்னொன்று: சிறுவனுக்குச் சரக்கு கொடுத்தவருக்கு 77-ஆவது பிரிவில் ஏழு வருடம் வரை கடுங்காவலும் ஒரு லட்சம் வரை அபராதமும் உண்டு. வாங்கிக் கொடுத்தது சித்தப்பாவாக இருந்தால் வீட்டில் இரண்டு கேஸ். எனவே வக்கீல் வரும் முன் யாரும் கதை சொல்ல வேண்டாம்.

18 முடிந்து 21 ஆகாதவர்களுக்குக் குழப்பம் வேறு மாதிரி. 21-க்குக் கீழ் விற்பனை இல்லை என்று டாஸ்மாக் கடையில் எழுதியிருப்பது விற்பவருக்குப் போட்ட தடை. கையில் வந்த தாளில் பெரும்பாலும் வேறு பிரிவு இருக்கும், அதை வாசியுங்கள். பாரதிய நியாய சன்ஹிதா (ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த தண்டனைச் சட்டம்) 355 என்றால், போதையில் பொது இடத்துக்கு வந்ததோடு, பிறருக்குத் தொந்தரவு தரும்படி நடந்ததையும் சேர்த்து நிரூபிக்க வேண்டும். தண்டனை 24 மணி நேரம் வரை வெறுங்காவல், ஆயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும், இல்லாவிட்டால் சமூக சேவை.

இங்கேதான் டாக்டர் கொடுக்கும் போதைச் சான்று வேலை செய்யும். ராஜாஜி ஆஸ்பத்திரியிலோ வேறு அரசு ஆஸ்பத்திரியிலோ வாங்கிய அந்தத் தாளில் "மது அருந்தியுள்ளார், ஆனால் அதன் போதையில் இல்லை" என்று ஒரு வரி இருந்தால், 355-இன் முதல் காலே ஒடிந்துவிடும். பிடித்த நேரத்தையும் பரிசோதித்த நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாடை, தள்ளாட்டம், குழறல் ஆகியவற்றை மட்டும் வைத்துப் போதை என்று முடிவு கட்ட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1971-லேயே சொல்லியிருக்கிறது.

பைக்கில் பிடிபட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 185. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் குற்றம். முதல் தடவை பத்தாயிரம் ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும். மூச்சை ஊதிப் பார்த்த மெஷினின் சிலிப்பைக் கேட்டு வாங்குங்கள். ஊதுவதற்கு முன் மெஷின் காட்டிய அளவு பூஜ்யமா, மெஷின் எண் என்ன, கடைசியாகச் சரிபார்த்த தேதி எது என்று பாருங்கள். குடித்த உடனேயோ மவுத்வாஷ் கொப்பளித்த உடனேயோ ஊதினால் வாயில் தங்கிய ஆல்கஹால் அளவை ஏற்றிக் காட்டும். பதினைந்து நிமிடம் விட்டு ஊதச் சொல்வது அதனால்தான். கைது செய்திருந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் டாக்டர் பரிசோதனை நடந்திருக்க வேண்டும். ஓட்டியவர் 18-க்குக் கீழ் என்றால் 199ஏ பிரிவில் மாட்டுவது பெற்றோரோ வண்டி உரிமையாளரோதான்: 25,000 அபராதம், மூன்று வருடம் வரை சிறை, ஆர்.சி. 12 மாதம் ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது.

கோர்ட் நாளில் பத்து மணிக்கே போய்விடுங்கள். வக்கீலுக்குக் காசில்லை என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுங்கள், போன் 15100. பெண்கள், சிறார், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு வருமான வரம்பும் பார்ப்பதில்லை. மாஜிஸ்திரேட் கேட்கும்போது பதில் இவ்வளவுதான்: "குற்றம் செய்யவில்லை, விசாரணை வேண்டும் ஐயா." விளக்கம் சொல்லப் போய் "ஒரு பீர்தான் குடிச்சேன்" என்று உளறியவர்கள் ஏராளம்.

குறுக்கு விசாரணையில் தோண்ட வேண்டியது இடத்தையும் சாட்சியையும். "வைகைக் கரை" என்றால் எந்தப் பாலத்துக்குக் கீழே? தொந்தரவுபட்டவர் யார், அவர் ஏன் சாட்சி இல்லை? மகஜரில் (போலீஸ் இடத்திலேயே எழுதும் குறிப்பில்) சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள் அந்த ஏரியாக்காரர்களா? பாட்டிலில் இருந்ததைப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா? ஒரு வாய்தா தவறினாலும் பிடிவாரண்ட் வரும், அதை ரீகால் (ரத்து) செய்ய இன்னொரு நாள் வீண்.

சிலிப், சான்று, சாட்சி மூன்றும் பொருந்தி நிற்கிறது என்றால் சண்டை போடாதீர்கள். சிறைக்குப் பதிலாக எச்சரித்தோ நன்னடத்தைக்கு எழுதி வாங்கியோ விடும் 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தைக் கேளுங்கள். 21-க்குக் கீழ் உள்ளவரைச் சிறைக்கு அனுப்ப, கோர்ட் காரணம் எழுத வேண்டும் என்கிறது அதன் 6-ஆவது பிரிவு. 3-ஆவது பிரிவில் எச்சரித்து விட்டால், அந்தத் தண்டனையால் வரும் தகுதியிழப்பு 12-ஆவது பிரிவின்படி ஒட்டாது. நீங்களாகக் கேட்காமல் இது பெரும்பாலும் கிடைக்காது. தீர்ப்பு வந்த வாரமே காப்பி மனுப் போட்டுச் சான்றிட்ட நகல் இரண்டு வாங்கி, ஒன்றைப் பத்தாம் வகுப்புச் சான்றிதழோடு சேர்த்து வையுங்கள்.