ட்யூனர் வாங்கும் முன் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள்: காட்டு வண்டிக்கான எண்ணெய்க் கணக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், எண்ணெய் (பெட்ரோல்) நிலையத்தில் போன மாதம் ஒரு தம்பி என்னைப் பிடித்துக்கொண்டார். செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்க்கிறார். பழைய ஜிம்னி ஒன்றை வாங்கி, இரண்டு அங்குலம் தூக்கி, பெரிய டயர் மாட்டி, முன்னால் இரும்பு பம்பரும், சேற்றில் சிக்கினால் கயிறு போட்டு இழுக்கும் வின்ச்சும் போட்டிருந்தார்.

"அண்ணே, காடி ரொம்பக் குடிக்குது. முன்ன லிட்டருக்கு 11.6 கிலோமீட்டர் ஓடுச்சு. இப்ப 10.4தான் வருது. ட்யூனர் போட்டு 97 அடிச்சா சரியாயிடுமா?"

ட்யூனர் என்பது இஞ்சின் ஓடும் விதத்தை மாற்ற மாட்டும் மின்னணுக் கருவி, 97 என்பது 95ஐவிட விலை கூடிய பெட்ரோல் ரகம். இதே கேள்வியோடு வருகிறவர்கள் நிறையப் பேர். குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாக (ரிங்கிட்) இருக்கும் நாட்டில், ஆயிரக்கணக்கில் கொடுத்து ட்யூன் செய்துவிட்டு, பலன் வந்ததா இல்லையா என்றே தெரியாமல் இருப்பது எனக்கு மனசு கேட்காத விஷயம். அதனால் அந்தத் தம்பிக்குச் சொன்னதை வரிசையாக இங்கே எழுதுகிறேன். எல்லாம் பெட்ரோல் வண்டிக்குத்தான். ஹைலக்ஸ், டிமேக்ஸ் மாதிரி டீசல் வண்டிக்கு ஆக்டேன் கணக்கே கிடையாது. அது வேறு பாடம்.

முதல் படி: மீட்டர் காட்டும் தூரத்தை நம்பாதீர்கள்

டயர் பெரிதானால் ஒரு சுற்றுக்கு வண்டி போகும் தூரமும் கூடும். மீட்டருக்கு அது தெரியாது. பழைய டயர் கணக்கிலேயே எண்ணிக்கொண்டிருக்கும்.

அன்றைக்கு ரசீதின் பின்பக்கத்தில் போட்ட கணக்கு இது. ஜிம்னியின் சொந்த டயர் 195/80 ஆர் 15. ரிம்மின் குறுக்களவு 15 அங்குலம், அதாவது 381 மி.மீ. டயரின் சுவர் உயரம் 195இல் 80 விழுக்காடு, 156 மி.மீ. மேலும் கீழும் சேர்த்து 312. மொத்தம் 693 மி.மீ. தம்பி மாட்டியிருந்தது 235/75 ஆர் 15. அதே முறையில் போட்டால் 733.5 மி.மீ. இதை 693ஆல் வகுத்தால் 1.058 வருகிறது.

அவர் மீட்டரில் 312 கி.மீ. ஓடி 30 லிட்டர் ஊற்றியிருந்தார். 312ஐ 1.058ஆல் பெருக்கினால் உண்மையில் ஓடியது 330 கி.மீ. அப்படியென்றால் லிட்டருக்கு 11. காணாமல் போனதாக அவர் நினைத்த 1.2 கிலோமீட்டரில் பாதி, காணாமலே போகவில்லை! ரசீதை வாங்கி இரண்டு தடவை பார்த்தார்.

வண்டியின் பாரத்தில் டயர் கொஞ்சம் அமுங்கும் என்பதால் இந்தக் கணக்கு மில்லிமீட்டர் சுத்தம் இல்லை. கோலகங்சார் வரை ஒரு தடவை போய் வாருங்கள். கைப்பேசியின் ஜிபிஎஸ் காட்டும் தூரத்தையும் மீட்டர் தூரத்தையும் ஒப்பிட்டால் உங்கள் வண்டிக்கான பெருக்கல் எண் கிடைத்துவிடும். அதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

இரண்டாம் படி: ஊற்றும் முறையை ஒழுங்காக்குங்கள்

ஒரே நிலையம், முடிந்தால் ஒரே பம்ப். துப்பாக்கி முதல் தடவை 'டக்' என்று நின்றதும் நிறுத்திவிடுங்கள். வாய் வரை நிரப்புவது கணக்கையும் கெடுக்கும், டாங்கியின் ஆவிக் குழாயையும் கெடுக்கும். தேதி, லிட்டர், மீட்டர் தூரம், உண்மைத் தூரம் என்று நான்கு கட்டம் போதும். ஒரு தடவை ஊற்றியதை வைத்து எதுவும் முடிவு செய்யாதீர்கள். மூன்று தடவையின் சராசரிதான் பேசும்.

காட்டுக்குள் போன நாளைத் தனியாக எழுதுங்கள். நான்கு சக்கர லோ கியரில் சேற்றில் ஊர்ந்த நாளில், லிட்டருக்கு எத்தனை கி.மீ. என்று கேட்பதே தப்பு. அங்கே மணிக்கு எத்தனை லிட்டர் என்றுதான் பார்க்க வேண்டும். அந்த எண்ணெயைத் தார் ரோட்டுக் கணக்கில் கலந்தால் எந்த ட்யூனும் மோசமாகத்தான் தெரியும்.

மூன்றாம் படி: காசில்லாமல் சரியாகிறவற்றை முதலில் சரி செய்யுங்கள்

சேற்றுக்காகக் காற்று இறக்கிய டயரில் அப்படியே வீடு வரைக்கும் ஓட்டுவது தோட்டப் பக்கத்தில் சாதாரணம். எண்ணெயும் போகும், டயரின் சுவரும் சூடேறும். செம்மண் பாதை முடிந்து தார் ஏறும் இடத்திலேயே நிறுத்திக் காற்று அடியுங்கள்.

இன்னொன்று, பிரேக் கட்டையை அழுத்தும் கேலிப்பர் நகர்வதற்கு ஒரு கம்பி (pin) உண்டு, சேறு காய்ந்தால் அது இறுகிவிடும். பத்து நிமிடம் சாதாரணமாக ஓட்டிவிட்டு நிறுத்தி, நான்கு ரிம்மின் நடுப்பக்கத்திலும் கையை அருகே கொண்டுபோங்கள். தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது. காற்று வடிகட்டியையும் பாருங்கள். ஆனால் இன்றைய இன்ஜெக்‌ஷன் இஞ்சினில் அடைத்த வடிகட்டி முக்கியமாகக் குறைப்பது பவரைத்தான், எண்ணெய்ச் செலவில் பெரிய மாற்றம் வராது.

நான்காம் படி: ஆக்டேன் என்றால் என்ன என்று புரிந்துகொள்ளுங்கள்

இதில்தான் அதிகக் குழப்பம். 97 என்பது 95ஐவிடச் சத்து கூடிய எண்ணெய் என்று பலர் நம்புகிறார்கள். அந்த எண்தான் ஆக்டேன், அது சத்தைச் சொல்வதே இல்லை. அழுத்தத்திலும் சூட்டிலும் தானாக வெடிக்காமல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதைத்தான் சொல்கிறது. ஸ்பார்க் பிளக் கொளுத்திய தீ பரவி முடிவதற்குள் மிச்சமிருக்கும் கலவை தானாகப் பற்றிக்கொண்டால் அதுதான் நாக்கிங், அதாவது தட்டல்.

இஞ்சினில் நாக் சென்சார் இருக்கும். தட்டல் கேட்டதும் இஞ்சினை நடத்தும் கணினியான இசியு, தீப்பொறியின் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளும். தட்டல் நிற்கும், பவரும் மைலேஜும் கொஞ்சம் குறையும். உங்கள் வண்டி 95இல் இப்படிப் பின்வாங்கிக்கொண்டிருந்தால்தான் 97 எதையாவது திருப்பிக் கொடுக்கும். ஜிம்னியின் 1.5 லிட்டர் இஞ்சினுக்கு டர்போ கிடையாது, அழுத்த விகிதம் 10க்கு 1. நல்ல நிலையில் இருந்தால் 95 தாராளம்.

காசுக் கணக்கும் பாருங்கள். 2025 செப்டம்பர் 30இல் பூடி 95 என்ற அரசாங்க மானியத் திட்டம் பொதுமக்களுக்குத் தொடங்கியபோது, மைகாட் (அடையாள அட்டை) காட்டி வாங்கும் 95 லிட்டருக்கு 1.99 வெள்ளி. 97இன் விலை வாரத்துக்கு வாரம் மாறும். ஒரு வாரம் 3.20 என்று வைத்துக்கொள்வோம். 95இல் 11 கி.மீ. ஓடும் வண்டி, 97இல் 17.7 கி.மீ. ஓடினால்தான் செலவு சமமாகும். எந்த ஜிம்னியும் அப்படி ஓடாது.

கேமரன் மலை ஏறும்போது 97 போட வேண்டும் என்றும் சொல்கிறார்கள். டர்போ இல்லாத இஞ்சினுக்கு நிலைமை நேர்மாறு. மேலே காற்று லேசு, சிலிண்டருக்குள் அழுத்தம் குறைவு, தட்டுவதும் குறைவு. பயப்பட வேண்டியது கீழே, மத்தியான வெயிலில், பாரத்தோடு தோட்டத்து மேட்டை ஏறும்போது.

ஐந்தாம் படி: இனி ட்யூனர்

மூன்று வகை உண்டு. த்ராட்டில் கண்ட்ரோலர், பெடலை மிதிக்கும் உணர்வை மட்டும் மாற்றும். இஞ்சின் பவர் ஏறாது, எண்ணெயும் மிச்சமாகாது. பிக்கிபேக், சென்சாருக்கும் இசியுவுக்கும் நடுவில் உட்கார்ந்து கணக்கை மாற்றிச் சொல்லும். ஃபிளாஷ் ட்யூனர், இசியுவின் உள்ளேயே எழுதும். தீப்பொறி நேரம், எண்ணெய் அளவு, ஆட்டோ கியர் மாறும் இடம் எல்லாம் அதில் மாறும். சில ஃபிளாஷ் ட்யூனர்களில் டயர் அளவையும் திருத்தலாம். காட்டு வண்டிக்கு நான் மிகவும் மதிப்பது அந்த வசதியைத்தான். மீட்டர் சரியாகும், கியரும் சரியான நேரத்தில் மாறும்.

அமெரிக்க ட்யூனர் வாங்குகிறவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். முன்பு என்னிடம் ஜீப் ராங்லர் இருந்தது. ஒரு பட்டறையில் '93' என்று, அதாவது 93 ஆக்டேன் பெட்ரோலுக்கு என்று போட்ட ட்யூன் ஃபைலை இசியுவில் ஏற்றிக் கொடுத்தார்கள். நம் ஊர் 95, 93ஐவிடக் கூடுதல்தானே என்று நானும் 95ஐ ஊற்றினேன். பழைய ரப்பர் காட்டு மேட்டில், வெயிலில், நாலு பேரோடு ஏறும்போது மிலோ டின்னுக்குள் கூழாங்கல் போட்டுக் குலுக்கியது மாதிரி சத்தம். இறங்கிக் கேட்டபோது வயிறு கலங்கிவிட்டது.

நம் பம்பில் இருக்கும் 95, 97 ரோன் எண்கள். அமெரிக்கப் பம்பில் எழுதியிருப்பது அது இல்லை. ரோன், மோன் என்ற இரண்டு சோதனைகளின் சராசரி அது. அதனால் அவர்களுடைய 87 நம் கணக்கில் ஏறத்தாழ 91, 92. அவர்களுடைய 91 நம் 95, 96. அவர்களுடைய 93 ஏறத்தாழ 98. நான் 95ஐ ஊற்றி ஓட்டியது 98 கேட்கும் ஃபைலை. நம் ஊரில் 95 ஊற்றப்போகிறீர்கள் என்றால் 87 ஃபைலைத் தேர்ந்தெடுங்கள். 91 ஃபைல் வேண்டுமென்றால் 97 ஊற்றுங்கள், வெயிலுக்கும் பாரத்துக்கும் கொஞ்சம் இடம் இருக்கும்.

ஏற்றும்போது பேட்டரிக்கு சார்ஜர் மாட்டுங்கள். ஏர்கான், விளக்கு, ரேடியோ எல்லாவற்றையும் அணையுங்கள். எழுதும்போது மின்சாரம் விழுந்தால் இசியு பிணமாகிவிடும். கம்பெனியின் பழைய ஃபைலைச் சேமித்துவிட்டுத்தான் புதியதைத் தொடுங்கள், அதன் பிரதி ஒன்று வீட்டிலும் இருக்கட்டும். வாரண்டியில் இருக்கும் வண்டி என்றால் அது போகலாம். காப்பீட்டு நிறுவனத்திடமும் சொல்லிவிடுங்கள். தூக்கியது, டயர் மாற்றியது எல்லாவற்றுக்கும் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அனுமதி பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ட்யூன் முடிந்ததும் கண்ணாடியை இறக்கிவிட்டு, பழகின மேடு ஒன்றில் ஏறிக் காது கொடுத்துக் கேளுங்கள். டின் சத்தம் வந்தால் உடனே பெடலை விடுங்கள், ஒரு கியர் குறைத்து மெதுவாக வீடு சேருங்கள், குறைந்த ஆக்டேன் ஃபைலை ஏற்றுங்கள். சத்தம் இல்லையென்றால் நோட்டை எடுத்து மறுபடி மூன்று தடவை எண்ணெய் ஊற்றி எழுதுங்கள். அந்தத் தம்பி இன்னும் ட்யூனர் வாங்கவில்லை. பின்சக்கரம் ஒன்றில் பிரேக் பிடித்துக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்துக் கழற்றிச் சுத்தம் செய்திருக்கிறார். இரண்டாவது தடவை ஊற்றியாகிவிட்டது, மூன்றாவது ரசீதுக்காகக் காத்திருக்கிறோம்.