ஒரு வாரம், இரண்டு படி நெல்: மழலையர் வகுப்புக்கு ஒரு செய்முறை

நீடாமங்கலம் பக்கம் ஒரு கிராமத்து நர்சரிப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர் நான். மூன்றரையிலிருந்து ஐந்து வயது வரை 18 பேர். சன்னலைத் திறந்தால் வயல். அப்படியிருந்தும் முதல் வருஷம் ‘உழவு’ என்ற தலைப்பைச் சுவரில் ஒட்டிய சார்ட்டை வைத்துத்தான் நடத்தினேன். படத்தில் இருந்த கதிரைக் காட்டி “இது நெல்” என்றேன். ஒரு பையன் எழுந்து, “இது நெல்லு இல்ல டீச்சர். நெல்லு தொங்கும்” என்றான். கிட்டப் போய்ப் பார்த்தேன். அவன் சொன்னது சரி. அது கோதுமை, கதிர் நிமிர்ந்து நின்றது.

அன்றைக்கு சார்ட்டைக் கழற்றினேன். இப்போது தலைப்பு எதுவானாலும் முதல் நாள் பொருள் கையில் இருக்க வேண்டும், பேரும் படமும் அதற்கு அப்புறம்தான். புதிதாக வகுப்பெடுக்க வருகிறவர்களுக்காக, நெல்லை வைத்து நான் நடத்தும் ஒரு வாரத்தை இங்கே எழுதுகிறேன்.

எப்போது, என்னென்ன

நான் தை மாதத்தில், பொங்கல் லீவு முடிந்ததும் வைத்துக்கொள்கிறேன். சம்பா அறுவடை நடக்கும். களத்திலும் ரோட்டிலும் நெல் காயும். கேட்டால் எந்த வீட்டிலும் தருவார்கள். மேட்டூரில் தண்ணீர் இருந்து ஜூன் 12-ல் திறந்துவிட்ட வருஷமாக இருந்தால், பள்ளி திறந்த கையோடு குறுவை நாற்றங்கால் சமயத்திலும் செய்யலாம். அப்போது கதிர் கிடைக்காது, நாற்று கிடைக்கும்.

வேண்டியவை: நெல் இரண்டு படி, பச்சரிசி ஒரு ஆழாக்கு, ரைஸ் மில்லிலிருந்து உமி ஒரு பை, தவிடு கொஞ்சம், வைக்கோல் ஒரு கட்டு, கதிரோடு நாலைந்து தாள். ஆழாக்கு, படி, முறம் எல்லாம் பிள்ளைகளின் வீட்டுப் பாட்டிகளிடம் கேளுங்கள். கொட்டாங்கச்சி இருபது, களிமண், பழைய வேட்டித் துணி, கீழே விரிக்க ஒரு படுதா. காசு கொடுத்து வாங்கும் சாமான் பெரும்பாலும் இருக்காது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். விதைநெல் என்று யாராவது மூட்டையில் மிச்சம் இருப்பதைக் கொடுத்தால் வாங்காதீர்கள். விற்பனைக்கு வரும் விதையில் பூஞ்சை மருந்து கலந்திருக்கலாம். ஒரு வருஷம் எனக்கு அப்படி வந்தது. தாம்பாளத்தில் கொட்டியதும் மருந்து வாடை அடித்தது. நல்லவேளை, பிள்ளைகள் வரும் முன்னால் கொட்டினேன். வீட்டுச் சாப்பாட்டுக்கு வைத்திருக்கும் நெல்லே போதும், அதுவும் முளைக்கும்.

இன்னொரு விஷயம். 18 பேரையும் ஒரே தாம்பாளத்தைச் சுற்றி உட்கார வைத்தால் அரை நிமிஷத்தில் சண்டை. ஆறு ஆறு பேராகப் பிரியுங்கள். ஒரு குழு உங்களிடம் இருக்கட்டும், மற்ற இரண்டும் ஆயாம்மா பார்வையில் கட்டை அடுக்கட்டும், கிறுக்கட்டும். ஒரு குழுவுக்கு 20 நிமிஷத்துக்கு மேல் ஓட்டாதீர்கள். மூக்கிலும் காதிலும் நெல்லைப் போட்டுக்கொள்ளும் வயசு இது. கை வேலை செய்யும்போது உங்கள் கண் அங்கேயே இருக்க வேண்டும்.

சனி, ஞாயிறு: ஊறப்போடுவது

சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு கைப்பிடி நெல்லைத் தண்ணீரில் ஊறப்போடுங்கள். ஞாயிறு சாயங்காலம் வடித்து, ஈரத் துணியில் மூட்டையாகக் கட்டி, வைக்கோலுக்குள் புதைத்து வையுங்கள். காலையும் மாலையும் லேசாகத் தண்ணீர் தெளித்தால் போதும். விவசாயிகள் ஒரு நாள் ஊற, ஒரு நாள் கட்டி வைக்க என்று கணக்கு வைப்பார்கள். தை மாதக் குளிரில் கூடுதலாக அரை நாளோ ஒரு நாளோ பிடிக்கும், பதறாதீர்கள்.

திங்கள்: தொட்டுப் பார்ப்பது

இந்த நாளில் நீங்கள் பேசாமல் இருப்பதுதான் கஷ்டம். தாம்பாளத்தில் நெல்லைக் கொட்டி நடுவில் வைத்துவிட்டு உட்காருங்கள். அள்ளுவார்கள், கொட்டுவார்கள், கையைப் புதைப்பார்கள். ஐந்து நிமிஷம் விட்டுவிடுங்கள்.

அப்புறம் மூன்று துணிப்பைகள். ஒன்றில் நெல், ஒன்றில் அரிசி, ஒன்றில் உமி. கண்ணை மூடிக் கைவிட்டுச் சொல்ல வேண்டும். ‘சொரசொர’, ‘வழவழ’, ‘மெத்துமெத்து’ என்ற சொற்கள் இங்கே தானாக வரும். வராவிட்டால் நீங்கள் ஒருமுறை சொன்னால் போதும். உமிப் பையில் கையை விட்ட ஒரு பெண், “இதுல ஒண்ணுமே இல்ல, ஆனா இருக்கு” என்றாள். அதைவிட நன்றாக எனக்கும் சொல்லத் தெரியாது.

செவ்வாய்: அளப்பது

காலையில் முதலில் மூட்டையை அவிழ்த்துக் காட்டுங்கள். நெல் முனையில் வெள்ளையாகத் துளி எட்டிப் பார்க்கும். “நெல்லுக்குப் பல்லு முளைச்சிருக்கு” என்று எங்கள் வகுப்பில் பேர் வைத்தார்கள். பார்த்துவிட்டுத் திரும்பக் கட்டி வையுங்கள்.

இனி அளவு. எட்டு ஆழாக்கு ஒரு படி. ஆனால் நீங்கள் அதைச் சொல்லாதீர்கள். படியைக் காட்டி, “இது நிறைய எத்தனை ஆழாக்கு வேணும்?” என்று கேளுங்கள். “நூறு” என்பார்கள். சரி, ஊற்றிப் பார்ப்போம். ஒரு ஆழாக்கு கொட்டியதும் ஒரு புளியங்கொட்டையை வரிசையில் வைக்க வேண்டும். படி நிறைந்ததும் கொட்டைகளை எண்ண வேண்டும்.

ஒருவனுக்கு ஏழு வரும், ஒருத்திக்கு ஒன்பது வரும். இங்கேதான் பாடம். ஏழு வந்தவன் ஆழாக்கைக் கோபுரமாகக் குவித்து அளந்திருப்பான். ஒன்பது வந்தவள் பாதி வழியிலேயே சிந்தியிருப்பாள். “யார் அளந்தது சரி?” என்று தீர்ப்புச் சொல்ல அவசரப்படாமல், இரண்டு ஆழாக்கைப் பக்கத்தில் வைத்து, ஒன்றைக் குவித்தும் ஒன்றைத் தலைதட்டியும் காட்டுங்கள். உள்ளங்கையால் தலைதட்டும் வேலை அவர்களுக்கு அவ்வளவு பிடிக்கும். இருக்கும் நேரமெல்லாம் தலைதட்டிக்கொண்டே இருப்பார்கள்.

1939-ல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த மரியா மாண்டிசோரியின் முறையிலும், ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தானியத்தைச் சிந்தாமல் கொட்டுவது ஒரு பயிற்சி. அதற்கென்று விலைக்கு விற்கும் சின்ன ஜாடிகளைவிட நம் ஆழாக்கு நன்றாகக் கைக்கு அடங்குகிறது. என் அபிப்பிராயம் அது.

போன வருஷம் ஒரு பிள்ளையின் தாத்தாவை அளந்து காட்டக் கூப்பிட்டேன். அவர் ஊர் வழக்கப்படி, “லாபம்... ரெண்டு... மூணு...” என்று அளந்தார். நெல் அளக்கும்போது ‘ஒன்று’ என்று சொல்ல மாட்டார்கள். அடுத்த இரண்டு வாரம் வகுப்பில் புளியங்கொட்டை, பென்சில், வருகைப்பதிவு எல்லாமே லாபம், ரெண்டு, மூணு. ஒரு அம்மா வாசலில் நிறுத்தி, “வீட்ல ஒண்ணுன்னே சொல்ல மாட்டேங்குறான் டீச்சர்” என்றார். தானாகச் சரியாகிவிட்டது. தாத்தாவை இந்த வருஷமும் கூப்பிடுவேன்.

புதன்: உள்ளே என்ன

ஆளுக்கு ஐந்து நெல். நகத்தால் உரிக்க வேண்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து செய்யும் இந்த வேலைதான் பின்னால் பென்சில் பிடிக்க உதவும். மூன்றரை வயதுக்காரர்களால் முடியாது. அவர்களுக்கு நெல்லைத் துணிக்குள் வைத்துச் சப்பாத்திக் கட்டையால் அழுத்தி உருட்டச் சொல்லுங்கள்.

உரித்ததும் ஏமாற்றம்: “வெள்ளையா இல்லையே!” மேலே தவிடு ஒட்டியிருக்கும், பழுப்பாகத் தெரியும். அப்போதுதான் தவிட்டை எடுத்துக் காட்டி, மில்லில் நடப்பதை இரண்டே வாக்கியத்தில் சொல்வேன். முறத்தில் புடைப்பதை ஆயாம்மா செய்து காட்டட்டும். பிள்ளைகள் காற்று வரும் பக்கமாக நிற்க வேண்டும். எதிர்ப்பக்கம் நின்றால் உமி கண்ணில் விழும்.

கடைசியாக ஒரு பேசின் தண்ணீர். “முங்குமா, மிதக்குமா?” என்று முதலில் கேட்டுவிட்டு, பதர் கலந்த நெல்லைப் போடுங்கள். பதர் மேலே வரும், மணி உள்ள நெல் அடியில் போகும். விதை தேர்ந்தெடுக்கப் பெரியவர்கள் செய்வதும் இதுதான். பேசினில் எவ்வளவு குறைவாகத் தண்ணீர் இருந்தாலும், பக்கத்திலிருந்து ஒரு நொடியும் நகராதீர்கள். முடிந்ததும் உடனே கொட்டிவிடுங்கள்.

வியாழன்: மணலில் ஆறு

வாரத்திலேயே எனக்குப் பிடித்த நாள். வாசல் மணலில் ஆறடி நீளத்துக்கு ஒரு ஆறு வெட்டுங்கள். தலைப்பில் இரண்டு செங்கல் வைத்து உயர்த்தினால் ஓட்டம் கிடைக்கும். நடுவில் மூன்றாகப் பிரியுங்கள். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பில் அப்படித்தான் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரிகிறது, பெரிய பிள்ளைகளுக்கு அந்தப் பேர்களும் தெரியும். நீங்கள் கும்பகோணமோ மன்னார்குடியோ, உங்கள் ஆற்றை வெட்டுங்கள். ஒவ்வொரு கிளையின் கடைசியிலும் கையகலத்துக்கு வயல், சுற்றி வரப்பு, உடைந்த சிலேட்டுத் துண்டில் மடை. மடைக்கு ஒரு ஆள்.

நான் தலைப்பில் குடத்தோடு நின்று, “மேட்டூர் திறந்தாச்சு!” என்பேன். முதல் குடம் அப்படியே மணலுக்குள் போய்விடும். பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியாது. “தண்ணி எங்க போச்சு?” பதில் சொல்லாதீர்கள். இரண்டாவது குடம் பாதி தூரம் வரும். மேலே இருப்பவன் மடையைத் திறந்து தன் வயலை நிரப்பிக்கொள்வான். கடைசியில் உட்கார்ந்திருந்தவள் போன வருஷம் எழுந்து நின்று, “மேல இருக்கவங்க மூடுங்கடா, எனக்குத் தண்ணி வரல!” என்று கத்தினாள். கடைமடைக்காரரின் வீட்டுப் பிள்ளை, எங்கே கேட்டாளோ. மூன்று பேரும் பேசி, முறை வைத்து, நாலாவது குடத்தில் அவள் வயல் நனைந்தது. வாய்க்காலில் களிமண் பூசினால் தண்ணீர் சீக்கிரம் போய்ச் சேரும். ஆனால் முதல் தடவை பூசாதீர்கள்.

கை கழுவி வந்ததும் விதைப்பு. ஆளுக்கு ஒரு கொட்டாங்கச்சி, முக்கால் அளவு களிமண், மேலே முளைத்த நெல் பத்துப் பதினைந்து. மண் சேறாக இருந்தால் போதும், தண்ணீர் நிற்கக் கூடாது. நான் முதல் வருஷம் ‘நெல்தானே’ என்று தளும்பத் தளும்ப ஊற்றி, பாதி அழுகிப்போனது. வகுப்புக்குப் பொதுவாக இன்னும் இரண்டு கச்சி: ஒன்றில் சாதாரண நெல், ஒன்றில் பச்சரிசி. எது முளைக்கும் என்று கை தூக்கச் சொல்லி, எண்ணிக்கையைச் சுவரில் எழுதி வையுங்கள். எங்கள் வகுப்பில் அரிசிக்குத்தான் ஓட்டு அதிகம், அது சுத்தமாக இருக்கிறதாம். ஒரு வாரத்தில் அரிசிக் கச்சி புளித்த வாடை அடிக்கும். தீட்டும்போது தவிட்டோடு முளைக்கருவும் போய்விடுகிறது. அதை, வாடை வந்த அன்றைக்குச் சொன்னால் போதும்.

கச்சிகளை வெயில் படும் சன்னல் மேடையில் வையுங்கள். திண்ணையில் வைத்தால் கோழிக்குத் தீனி.

வெள்ளி: ஒட்டுவது, தின்பது

அட்டையில் பசை தடவி உமி தூவினால் களம், வைக்கோலைத் துண்டாக்கி ஒட்டினால் போர். மாதிரி வரைந்து கொடுக்காதீர்கள். 18 அட்டையும் ஒரே மாதிரி இருந்தால் அது உங்கள் படம். பிள்ளை அதைப் பற்றிச் சொல்லும் ஒரு வாக்கியத்தை, சொன்னபடியே பின்பக்கம் எழுதி வையுங்கள். வாரம் எப்படிப் போனது என்று தெரிந்துகொள்ள எனக்கு அது போதும், மார்க் வேண்டாம்.

அப்புறம் நனைத்த அவலில் வெல்லம், தேங்காய்த்துருவல். அவல் எதிலிருந்து வருகிறது என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும், ஓடிக்கொண்டு அல்ல.

மூன்று வாரத்தில் நாற்று சாண் உயரம் வரும். யார் வீட்டுக் கொல்லையிலாவது நட்டுவிடலாம். மிச்சமான நெல்லைக் கொடுத்த வீட்டுக்கே திருப்பிவிடுங்கள். வகுப்பைக் கூட்டும்போது உமியைத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டாம், சாக்கடை அடைத்துக்கொள்ளும். துடைப்பத்தால் காய்ந்த வாக்கில் கூட்டி அள்ளி, வாசல் செடிக்குப் போடுங்கள்.