கொழும்பில் வீட்டிலேயே கார் கழுவி, போலிஷ் போட்டு, வாக்ஸ் பூசுவது எப்படி?

மாலை வெயில் பொனெட்டில் சாய்வாக விழும்போது வட்டம் வட்டமாக மெல்லிய கீறல்கள் தெரிகின்றனவா? அவற்றில் பெரும்பாலானவை வீதியில் விழுந்தவை அல்ல, துடைத்த கைகள் போட்டவை. காய்ந்த துணியால் தூசி தட்டும்போது அந்தத் தூசியே உரைதாளாக மாறிவிடுகிறது. அடுக்குமாடிக் காவலாளி அன்போடு தினமும் காலையில் செய்து தரும் இந்தச் சேவையை எப்படி மறுப்பது என்பது சங்கடம்தான். ஆனாலும் மறுத்துவிடுங்கள்.

தொடங்குவதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். போலிஷ் என்பது பெயின்டின் மேற்பரப்பை மிக நுண்ணியதாகத் தேய்த்து எடுப்பது. வாக்ஸ் என்பது அதன்மேல் ஒரு காப்புப் படலத்தைப் பூசுவது. இக்காலக் கார்களில் அடிப்பூச்சு, நிறப்பூச்சு, நிறமற்ற மேற்பூச்சு எல்லாம் சேர்ந்தே ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரோன்தான் வரும். அது ஒரு கடதாசித் தாளின் தடிப்பு. இதில் மேற்பூச்சின் பங்கு பாதிக்கும் குறைவு. ஆகவே கழுவுவதை அடிக்கடி செய்யலாம், வாக்ஸை அவ்வப்போது பூசலாம், போலிஷை மட்டும் அரிதாகவே போட வேண்டும்.

முதலில் நிழல்

வெயிலில் நின்ற காரைக் கழுவாதீர்கள். பொனெட்டில் புறங்கையை வைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் காத்திருங்கள். ஏப்ரல் முற்பகுதியில் சூரியன் நமக்கு நேர் உச்சியில் நிற்கும். அந்நாட்களில் காலை எட்டு மணிக்கு முன்னரோ மாலை ஐந்துக்குப் பின்னரோதான் இந்த வேலை சரிப்படும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி அடுக்குமாடிகளில் கார்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நிற்பதால் நிழலுக்குக் குறைவில்லை. அங்கே குறை தண்ணீர்க் குழாய்தான். அதற்கும் வழி இருக்கிறது.

தேவையானவை: இரண்டு வாளிகள், சக்கரங்களுக்கென்று இன்னொரு சிறு வாளி, கார் ஷாம்பு, மைக்ரோஃபைபர் கையுறை, பெரிய மைக்ரோஃபைபர் துவாய் ஒன்று, சிறு துணிகள் சில, பூச்செடிக்கு நீர் ஊற்றும் பூவாளி ஒன்று. பஞ்சிகாவத்தைக் கடைகளில் பெரும்பாலானவை கிடைக்கும். பாத்திரம் கழுவும் திரவமும் சவர்க்காரத் தூளும் வேண்டாம், அவை பூசியிருக்கும் வாக்ஸைக் கழற்றிவிடும். தண்ணீரில் மண்ணெண்ணெய் கலக்கச் சொல்லும் பெரியவர்கள் எல்லாக் குடும்பங்களிலும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லும் பளபளப்பு வெறும் எண்ணெய்ப் படலம், அடுத்த தூசியை அதுவே பிடித்து வைத்துக்கொள்ளும்.

கழுவுதல்

சக்கரங்களிலிருந்து தொடங்குங்கள். பிரேக்கிலிருந்து உதிரும் கரிய தூளில் இரும்புத் துகள்கள் இருக்கும். அந்த வாளியும் துணியும் காரின் உடலைத் தொடவே கூடாது.

அடுத்து, கையே வைக்காமல் வெறும் தண்ணீரால் மேலிருந்து கீழே நனையுங்கள். ஹோஸ் இல்லாதவர்களுக்குப் பூவாளி போதும். தளர்ந்த மண் தானாக வழிந்து போக வேண்டும், அதற்கு முன் தேய்த்தால் கீறல் நிச்சயம். மரைன் டிரைவ் பக்கம் வசிப்பவர்கள் காரின் அடிப்பகுதிக்கும் சக்கர வளைவுகளுக்கும் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று ரயில் பாதையைத் தாண்டி உப்பைக் கொண்டுவந்து படியவிடும். கறள் பிடிப்பது எப்போதும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் தொடங்கும்.

இனி இரண்டு வாளிகள். ஒன்றில் ஷாம்பு கலந்த தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர். கையுறையை ஷாம்பு நீரில் தோய்த்து ஒரு பகுதியைக் கழுவுங்கள். பிறகு வெறும் தண்ணீரில் நன்றாக அலசிப் பிழிந்து, மறுபடி ஷாம்பில் தோயுங்கள். கூரை, கண்ணாடிகள், பொனெட், கதவுகளின் மேற்பாதி என்று இறங்கி வாருங்கள். கதவுகளின் அடிப்பாகமும் பின் பம்பரும் கடைசி, ஏனென்றால் மண் அங்கேதான் அதிகம். வட்டமாகத் தேய்க்காமல் நேர்கோட்டில், அழுத்தாமல் இழுங்கள். கையுறை நிலத்தில் விழுந்தால் அலசாமல் திரும்பத் தொடாதீர்கள். வேலை முடிந்ததும் இரண்டாவது வாளியின் அடியைப் பாருங்கள். அங்கே தங்கியிருக்கும் மணல் முழுவதும், ஒரே வாளியாக இருந்தால் பெயின்டில் உரசியிருக்கும்.

ஷாம்பு காய்வதற்கு முன் பகுதி பகுதியாக அலசிவிடுங்கள். இந்த முறையில் சில வாளித் தண்ணீரோடு கார் கழுவி முடிந்துவிடும். திறந்துவிட்ட ஹோஸ் அதைப் போலப் பல மடங்கைக் குடிக்கும், அலகு கூடக் கூடத் தண்ணீர்க் கட்டணமும் ஏறும். துடைப்பதற்குத் துவாயை விரித்து வைத்து ஒற்றி எடுங்கள். கிணற்று நீர் பாவிப்பவர்கள் இதில் தாமதிக்கக் கூடாது, காய்ந்த துளிகள் வெள்ளைப் புள்ளிகளாக நிற்கும்.

காக எச்சத்தைக் கழுவும் நாள் வரை விட்டுவைக்காதீர்கள். அதிலுள்ள அமிலம் வெயிலோடு சேர்ந்தால் மேற்பூச்சை அரித்துத் தடம் பதித்துவிடும். ஈரத் துணியைச் சில நிமிடங்கள் அதன்மேல் போட்டு ஊறவிட்டு, பிறகு மெதுவாக எடுங்கள். ஆயுத பூசைக்கு வைத்த சந்தனம், குங்குமம், திருநீறுக்கும் இதே முறைதான். காய்ந்த திருநீற்றைத் துணியால் தேய்த்தால் கோடு விழும். பொட்டை முன்கண்ணாடியில் வைத்தால் பக்திக்கும் பெயின்டுக்கும் பழுதில்லை.

கிளே கட்டி

கழுவிய பின் விரல்களைப் பொலித்தீன் பைக்குள் விட்டு பொனெட்டைத் தடவுங்கள். சொரசொரப்பாக இருந்தால், கழுவிப் போகாத துகள்கள் ஒட்டியிருக்கின்றன. ஷாம்பு நீரைத் தாராளமாகத் தெளித்து, ஒட்டிய துகள்களைப் பிடித்தெடுக்கும், களிமண் போன்ற மென்மையான கிளே கட்டியை அதன்மேல் லேசாக வழுக்கவிடுங்கள். கட்டி அழுக்கானால் மடித்துப் புதுப் பக்கத்தைப் பாவியுங்கள். நிலத்தில் விழுந்தால் எறிந்துவிடுங்கள், கழுவினாலும் அது தேறாது.

போலிஷ்: தேவைப்பட்டால் மட்டும்

சேர்விஸ் நிலையங்களில் ஒவ்வொரு தடவையும் ‘கட் அன்ட் போலிஷ்’ செய்யச் சொல்வார்கள். வேண்டாம். கீறலின் குறுக்கே நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்கினால் அது போலிஷுக்கு அடங்காத ஆழம். தடுக்காத மெல்லிய கீறல்களுக்கு, மிக நுண்மையான போலிஷைத் தேர்ந்து, மறைவான ஓர் இடத்தில் முதலில் சோதியுங்கள். ஸ்பொஞ்சில் பட்டாணி அளவு இரண்டு மூன்று துளிகள் போதும். ஒன்றரை அடிச் சதுரத்தில், நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் மிதமான அழுத்தத்தோடு தேய்த்து, சுத்தமான துணியால் துடையுங்கள். உடலின் மடிப்பு விளிம்புகளில் பெயின்ட் மெலிந்திருக்கும், அவற்றைத் தவிருங்கள். வேகமாகச் சுழலும் ரோட்டரி இயந்திரம் புதியவர் கைக்கு உரியதல்ல, ஓரிடத்தில் சற்று நின்றாலே பெயின்டைச் சுட்டுவிடும்.

துணியில் காரின் நிறம் ஏறுகிறதா? மேற்பூச்சே இல்லாத மிகப் பழைய காரில் அது இயல்பு. மற்றவற்றில் உடனே நிறுத்துங்கள், மேற்பூச்சு அங்கே தீர்ந்துவிட்டது. தனியார் வாகன இறக்குமதி 2020 இல் நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் தொடங்கியது. அதனால் கைமாறிக் கைமாறி ஓடும் கார்கள் நம்மிடம் அதிகம், அவற்றில் ஏதாவது ஒரு கதவேனும் திரும்பப் பெயின்ட் அடிக்கப்பட்டிருக்கலாம். அந்தக் கதவில் இன்னும் கவனம் தேவை.

வாக்ஸ்

வாக்ஸில் சேரும் கார்னோபா மெழுகு பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு வகைப் பனையின் இலையிலிருந்து எடுக்கப்படுகிறது. பளபளப்பு அருமை, ஆயுள் குறைவு. நம் வெயிலுக்கும் மழைக்கும் வாக்ஸைப் போலவே பூசும் செயற்கைக் காப்புப் பொருளான சீலன்ட் கூடுதல் காலம் தாங்கும், புதியவர்களுக்கு நான் அதையே சொல்வேன்.

எதுவானாலும் படலம் மெல்லியதாக இருக்கட்டும். தடிப்பாகப் பூசினால் துடைக்கும் வேலைதான் கூடும், காப்பு கூடாது. ஒரே நேரத்தில் இரண்டு பகுதிகளுக்கு மட்டும் பூசுங்கள். மங்கலான வெண்மை படிந்ததும் விரலால் ஒரு கோடு இழுங்கள், கோடு சுத்தமாக வந்தால் துடைக்கலாம். கொழும்பின் ஈரக் காற்றில் இதற்குப் போத்தலில் எழுதியதைவிடக் கூடுதல் நேரம் எடுக்கும். முன்கண்ணாடியிலும் கறுப்புப் பிளாஸ்டிக் பாகங்களிலும் பட வேண்டாம். பிளாஸ்டிக்கில் வெண்தடம் விழுந்துவிட்டால், ஷாம்பு நீரில் தோய்த்த பழைய பல்துலக்கியால் தேய்த்தெடுங்கள்.

மழை பெய்யும்போது தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் தட்டையாகப் பரவினால் மறுபடி பூசும் காலம் வந்துவிட்டது.

பாவித்த துணிகளை வீட்டு உடுப்புகளோடு சேர்க்காமல் தனியாகத் துவையுங்கள். துணியை மென்மையாக்கும் திரவம் சேர்த்தால் மைக்ரோஃபைபர் தண்ணீரை உறிஞ்சாது. கரடுமுரடான துணிகளைச் சக்கரங்களுக்கு ஒதுக்கிவிடலாம்.