டாக்குமென்ட் சாஃப்ட்வேர்ல ஆபத்தான ஃபீச்சரை தூக்கலாமானு யோசிக்கிறப்ப பண்ணக்கூடாத தப்புகள்

மேக்ரோ (டாக்குமென்ட்டுக்குள்ளயே ஒளிஞ்சு ஓடுற குட்டி புரோகிராம்), டிடிஇ (ஒரு புரோகிராம் இன்னொண்ணோட டேட்டா பரிமாறிக்கிற பழைய வழி), வெளி ஃபைல்ல இருந்து தானா டேட்டா இழுக்குற லிங்க், இதெல்லாம் வேலையை பாதியா குறைக்கும், அதே வழியாத்தான் வைரஸும் உள்ள வரும். அப்போ தூக்கிடலாமா விட்டுடலாமானு ஒரு டீம் பேச ஆரம்பிச்சாலே முதல் தப்பு நடந்துடுது, ஏன்னா இருக்கிறது இந்த ரெண்டே வழி இல்ல. டிஃபால்ட்டா, அதாவது யாரும் எதையும் மாத்தாத வரைக்கும், ஆஃப்ல வைக்கலாம், நெட்ல இருந்து வந்த ஃபைல்ல மட்டும் தடுக்கலாம், டிஜிட்டல் கையெழுத்து போட்ட மேக்ரோவை மட்டும் ஓட விடலாம். நிறைய நேரம் அசல் முடிவே டிஃபால்ட் என்னங்கிறதுதான், ஏன்னா பெரும்பாலான ஆளுங்க செட்டிங்ஸ் பக்கமே போறதில்ல.

என்னைப் பொறுத்தவரை ரொம்ப மோசமான தப்பு, ஒரு வார்னிங் காட்டிட்டா நம்ம கடமை முடிஞ்சதுன்னு நினைக்கிறது. வேர்ட் மேக்ரோ வைரஸ் 1995லயே பரவ ஆரம்பிச்சாச்சு, 1999 மார்ச்ல மெலிசாங்கிற வைரஸ் வந்து அவுட்லுக்ல இருக்கிற முதல் 50 பேருக்கு தானே மெயில் அனுப்புச்சு. அதுக்கப்புறம் வார்னிங் மேல வார்னிங்கா வந்துச்சு, மஞ்சள் பட்டையும் மேக்ரோவை ஓட விடுற ஒரு பட்டனும் வந்துச்சு. எமோடெட் மாதிரி வைரஸ் பரப்புற கும்பல்கள் என்ன பண்ணாங்கன்னா டாக்குமென்ட்டுக்குள்ளயே "படிக்கணும்னா மேல இருக்கிற பட்டனை அமுக்குங்க"ன்னு படமா போட்டு அனுப்பினாங்க, ஜனங்களும் அமுக்கினாங்க. அவங்களைக் குறை சொல்றது நியாயமே இல்ல, வேலையை முடிக்க வந்தவங்க முன்னாடி அந்த பட்டனை வச்சது சாஃப்ட்வேர்தானே. நெட்ல இருந்து வர்ற ஃபைல்ல மேக்ரோவை டிஃபால்ட்டாவே தடுக்கப்போறோம்னு மைக்ரோசாஃப்ட் அறிவிச்சது 2022 பிப்ரவரிலதான்.

அதுலயும் ஒரு சறுக்கல். அதே வருஷம் ஜூலைல அந்த மாற்றத்தை முன்கூட்டி சரியா சொல்லாம திருப்பி எடுத்தாங்க, கொஞ்ச நாள்லயே விளக்கத்தை எல்லாம் தெளிவா எழுதி மறுபடி கொண்டு வந்தாங்க. எப்போ, யாருக்கு, எதுக்கு மாறுது, மாத்து வழி என்னன்னு முதல்லயே சொல்லணும். விலக்கு குடுக்கறதா இருந்தா அது அட்மின் கையில இருக்கணும், ஃபைலைத் திறக்கிறவர் ஒரே க்ளிக்ல தாண்டுற மாதிரி இருந்தா பழைய வார்னிங் கதைதான்.

"ரொம்ப கம்மி பேர்தான் யூஸ் பண்றாங்க"ன்னு டெலிமெட்ரியை (சாஃப்ட்வேர் தானா அனுப்புற பயன்பாட்டுக் கணக்கை) மட்டும் நம்பறதும் தப்பு. வருஷக் கடைசில ஒரே ஒரு தடவை ஓடுற கணக்கு மேக்ரோ, ஒரு மாசத்து டேட்டால தெரியவே தெரியாது. டெலிமெட்ரியை மொத்தமா ஆஃப் பண்ணி வச்சிருக்கிற ஆபீஸ்லதான் அந்த ஃபீச்சரை நம்பி பாதி வேலை நடந்துட்டு இருக்கும்.

இன்னொரு வாதம் அடிக்கடி வரும், "தடுத்தா வேற வழில வருவாங்க, அப்புறம் எதுக்கு". வருவாங்கதான், மேக்ரோ வழியை அடைச்சதும் ஐஎஸ்ஓ ஃபைல் (ஒரு டிஸ்க்கையே ஒரே ஃபைலா ஆக்கினது), ஷார்ட்கட் ஃபைல், ஒன்நோட்டுன்னு மாறினாங்க. ஆனா 2022 நவம்பர்ல ஐஎஸ்ஓ உள்ள இருக்கிற ஃபைலுக்கும் நெட்ல இருந்து வந்த அடையாளம் ஒட்டுற மாதிரி விண்டோஸ்ல சரி பண்ணாங்க, 2023ல ஒன்நோட்ல ஆபத்தான அட்டாச்மென்ட் வகைகளைத் தடுத்தாங்க. ஒவ்வொரு வழியா அடைச்சுட்டு போறதுதான் இந்த வேலையே.

சிலதை மொத்தமா தூக்கித்தான் ஆகணும். ஆபீஸ்ல சமன்பாடு எழுதுற பழைய ஈக்வேஷன் எடிட்டர்ல 2017 நவம்பர்ல ஒரு ஓட்டைக்கு பேட்ச் போட்டாங்க, அடுத்து இன்னொன்னு கிளம்புச்சு, 2018 ஜனவரில அந்த எடிட்டரையே எடுத்துட்டாங்க. அதுக்கு மாத்தா புது சமன்பாட்டு வசதி ஆபீஸ் 2007லயே வந்திருந்ததால அப்படி எடுக்க முடிஞ்சது, ஆனாலும் பழசுல எழுதின சமன்பாடுகளைப் பார்க்கலாமே தவிர எடிட் பண்ண முடியாம நிறைய பேர் மாட்டினாங்க. மாத்து வழி புது டாக்குமென்ட்டுக்கு மட்டும் இருந்தா பத்தாது, பழசை மாத்திக் குடுக்கிற கன்வர்ட்டரும் கூடவே வரணும்.

ஃபீச்சரை எடுத்தப்புறம் பழைய ஃபைலைத் திறந்தா எது ஓடாது, ஏன் ஓடாதுன்னு நேரா சொல்லுங்க. முக்கியமா, உங்களுக்குப் புரியாத பகுதியை சேவ் பண்றப்ப சத்தமில்லாம அழிச்சுடாதீங்க, ஓட விடாம அப்படியே ஃபைலுக்குள்ள வச்சு திரும்ப எழுதுங்க, ஏன்னா அந்த மேக்ரோவோட ஒரே காப்பி அதுவா இருக்கலாம்.