மண்வெட்டி பட்ட காலும் வல்லாரைச் சம்பலும்

முல்லைத்தீவில் முத்தையன்கட்டுக் குளத்துப் பக்கம் வயல் செய்கிறவர்களில் வெட்டுத் தழும்பு இல்லாத காலைக் காண்பது அரிது. போன காலபோகத்தில் வரம்பு கட்டும்போது என் கணவருக்கு மண்வெட்டி இடது பெருவிரலுக்கு மேலே இறங்கிவிட்டது. நான் பதறி மஞ்சள்தூளை அப்பி, கிணற்றடிப்பூண்டு இலையைக் கசக்கிப் பிழிந்து, சீலைத்துண்டால் கட்டினேன். ஆஸ்பத்திரியில் அந்தத் தூளைக் கழுவி எடுத்தபோது அவர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு கலங்கும்.

அதனால் காயத்தில் தூளும் இலையும் வேண்டாம், தண்ணீர்தான். சுத்தமான துணியால் அழுத்தி இரத்தத்தை நிறுத்துங்கள். பிறகு சுத்தமான தண்ணீரை ஓடவிட்டுக் கழுவி, மூடிக் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஏற்புவலி (டெட்டனஸ்) கிருமி மண்ணில் இருக்கிறது, மண்ணிலிருந்து பிடுங்கிய இலையிலும் ஒட்டியிருக்கலாம். ஊசி போட வேண்டுமா என்று கேளுங்கள். சலரோகக்காரரின் (நீரிழிவு உள்ளவரின்) காலில் சின்னக் கீறல் என்றாலும் காட்டத்தான் வேண்டும்.

பச்சிலைக்குரிய இடம் சாப்பாட்டுத் தட்டு. காயம் பட்டதும் வெள்ளை அணுக்கள் ஒட்சிசனிலிருந்து வீரியமான பொருட்களை உண்டாக்கிக் கிருமியைக் கொல்லும். அது தேவைதான், ஆனால் மிஞ்சிப்போனால் புதிதாக வளரும் தசையையும் அரிக்கும். அந்த மிச்சத்தை அடக்கத்தான் உடலின் சொந்தக் காவலோடு காய், இலைகளில் உள்ள ஆன்டிஆக்ஸிடன்ட்களும் உதவுகின்றன. அவற்றில் விற்றமின் சி இல்லாவிட்டால் காயத்தை இழுத்துப் பிடிக்கும் கொலாஜன் நார் உறுதியாகாது. 100 கிராம் கொய்யாப்பழத்தில் அது சுமார் 228 மில்லிகிராம் உண்டு. ஒரு பழமே பெரியவர் ஒருவரின் நாள் தேவையைத் தாண்டும்.

வல்லாரையில் இருக்கும் ஏசியாட்டிகோசைட் என்ற பொருள் கொலாஜன் உண்டாவதைத் தூண்டுவதை ஆய்வுகூடங்களில் கண்டிருக்கிறார்கள். குளக்கட்டுக்குக் கீழே ஈரத்தில் படர்வதைப் பறித்து, உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, மூன்று தரம் அலசுங்கள். பொடியாக அரிந்து, துருவிய தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்புச் சேர்த்துப் பிசையுங்கள். தேசிக்காயைப் பரிமாறும்போதுதான் பிழிய வேண்டும். அடுப்பில் வைக்காதீர்கள், விற்றமின் சி சூட்டில் அழியும். மஞ்சளைக் குழம்பில் மிளகோடு போடுங்கள், மிளகு இருந்தால் மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருள் உடலில் கூடுதலாகச் சேரும்.

புண் இருக்கும்போது மீனும் முட்டையும் கிரந்தி, புண்ணைக் கிளப்பும் என்று மாமி தடுத்தார். அவர் அன்போடுதான் சொன்னார். ஆனாலும் தசை வளரப் புரதம் வேண்டுமே! குளத்து மீனில் தண்ணிக்குழம்பு வைத்து, முருங்கையிலை வறையோடு தினமும் கொடுத்தேன். அந்த மீன் ஒத்துவராதவர்களுக்குப் பயறு, பருப்பு இருக்கிறது.

தையல் பிரித்து, தோல் முழுதாக மூடிய பிறகுதான் கற்றாழை. மடலை வெட்டி நிமிர்த்தி வைத்து, எரிச்சல் தரும் மஞ்சள் பாலை வடியவிடுங்கள். உள்ளே இருக்கும் கண்ணாடிபோன்ற சோற்றைக் கழுவித் தழும்பில் தடவலாம். முதல் நாள் ஓரத்தில் கொஞ்சம் பூசி, அரிக்கிறதா என்று பாருங்கள்.